இருபத்தாறு புகார் கடிதங்கள்

இங்கிலீஷ் சொல்லித்தரும் இடத்தில் இங்கிலீஷ் தெரியாமல் அட்டெண்டராக இருப்பது, பல்வலியோடு பந்தியில் உட்காருவது மாதிரி. என்னைப்போல் அஞ்சாங்கிளாஸோடு நின்று, படித்தவர்களுக்கு டீ கொடுத்தே வயசானவர்களுக்கு இது புரியும்.

நான் திருடனானது

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்ததும் திருப்பதியில் தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் கிளாஸ் முளைத்தது. எங்கள் சென்டரில் மிஸ் நகரிக்காரப் பெண். கதை படித்தாலே இங்கிலீஷ் வந்துவிடும் என்பாள். பாலைக் குடித்துவிட்டுப் பூனைமேல் பழி போடும் வேலைக்காரன் கதை ஒன்றை நடத்தி, நடித்துக் காட்டச் சொன்னாள். வேலைக்காரனாக நிற்க ஒருத்தனும் வரவில்லை. பெருக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து நிறுத்தினாள். சுற்றி நின்று இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். நான் என்னத்தைச் சொல்ல? குடிபாலா ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னாள்: "தாத்தா, நெஜமாவே குடிச்சவன் மாதிரி முழிச்சிக்கினு கீற."

நானே சுமந்தது

மறுநாள், அந்த வேலைக்காரனை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுத வைத்தாளாம். கதையில் அவனுக்குப் பேர் இல்லை. நடித்தவன் பேரையே இருபத்தாறு பேரும் போட்டுவிட்டார்கள். கடிதக் கட்டை ஆபீசில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு மிஸ் ஊருக்குப் பஸ் ஏறினாள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா? ஓரம் தட்டி, அழகாக அடுக்கி, ஓனர் மேஜைமேலேயே வைத்தேன்.

இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்குப் போய்விடு என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். டீக்குப் பால் வாங்குவதும் நான்தான். எல்லாவற்றையும் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏமய்யா முனிரத்தினம், மிஸ் வரட்டும். அதுவரைக்கும் நீ பால் பாத்திரத்தைத் தொடாதே."

மிஸ் திரும்பி வந்தது

ரெண்டு நாள் பால் பாத்திரம் இருக்கிற பக்கமே நான் போகவில்லை. அறுபது தாண்டினவனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? மிஸ் வந்து, அது பாடம் சார் என்றாள். என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓனர் கடிதங்களை மறுபடி படித்தார். முகம் மலர்ந்தது. நம்ம பசங்களா இவ்வளவு நன்றாகப் புகார் எழுதுகிறார்கள் என்று, நல்லதாக ஒன்றை எடுத்து, சேர வருகிறவர்கள் பார்க்க வாசலில் மாட்டச் சொன்னார். அப்படியென்றால் என் வேலை இருக்கிறதா சார் என்று கேட்டேன். "நீ போனா எவன் மாட்டறது? போய் ஆணி எடுத்துக்கினு வா."

இங்கிலீஷ் வந்தால் வேலை கிடைக்கும் என்கிறார்கள்; எனக்கோ இருந்த வேலை போகாமல் இருக்கவே இருபத்தாறு பேருக்கு இங்கிலீஷ் வர வேண்டியிருந்தது.