வாலுக்கு முந்திய கட்டைவிரல்

என் வீட்டுக்காரர் இளகிய மனசுக்காரர். அதைக் கேட்டுப் பூரித்துப்போகிறவர்கள் அவரோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும். நான் சூடான பாத்திரத்தைத் தொடுவதற்குள் அவர் "ஸ்ஸ்" என்று கையை உதறுவார்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு வாய்த்த வேலை, மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கு வலிக்கிறதா என்று பார்ப்பது. நானும் அங்கேதான், கூண்டு கழுவுகிறேன். சுண்டெலியைத் துணியில் சுற்றிப் பிடித்து, அதன் வாலைச் சூட்டு விளக்குக்கு நேரே வைக்க வேண்டும். சூடு உறைத்ததும் வாலை இழுக்கும். அந்த நொடியில் பொத்தானை அழுத்தினால் விளக்கும் கடிகாரமும் நிற்கும். எலி அதிக நேரம் தாங்கினால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா, மார்பின் என்ற வலி மருந்தையும் அதே வகை மருந்து இன்னொன்றையும் பாதிப் பாதியாகச் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். எதையும் தனியாக முழு அளவு போடுவதைவிட இது வலியை நன்றாக அடக்கும் என்பது அவர் நம்பிக்கை. எந்த எலிக்கு எது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார், முதுகில் நிற மையால் அடையாளம் மட்டும் வைப்பார். முடிவு வந்தபோது, வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்ட எலிகூட மார்பின் எலிக்குச் சமமாக நின்றது.

டாக்டரம்மா ஒரு நாள் இவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். வால் அசையவே இல்லை, இவர் அழுத்திவிட்டார்.

"ஏங்க, அது இழுக்கவே இல்லையே?"

"மீசை துடிச்சுதும்மா. பாவம், அதுக்கு மேல எப்படி..."

"உங்க பாவத்தால என் ஆராய்ச்சியே படுத்துடுச்சு. நாளையிலேர்ந்து பாட்டில் கழுவப் போங்க."

இவர் முகம் தொங்கிப்போனது. எனக்கும் பகீரென்றது. எலிகள் போய்விட்டால் இவருடைய இரக்கம் மொத்தமும் என் தலையில்தானே விடியும்?

"எலியை அவர் பிடிக்கட்டும்மா. அவர் கையிலதான் அதுங்க அடங்கும். பொத்தானை என்கிட்ட குடுங்க. எனக்கு ஈவு இரக்கம் கிடையாது, வேணும்னா இவரையே கேளுங்க."

"உண்மைதாம்மா," என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். வால் அசைந்தால்தான் என் விரல் அசைந்தது. சில எலிகள் உடனே இழுத்தன, சில கொஞ்சம் பொறுத்தன. ஒவ்வொரு தடவையும் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதுகில் பச்சை மை வைத்த எலிகள் மட்டும் இழுக்கவே இல்லை. வால் பொசுங்கிவிடாமல் இருக்க ஒரு நேர வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் வந்ததும் விளக்கு தானாக அணைந்தது.

எல்லாம் முடிந்ததும், "பச்சைதான் பாதிப் பாதி," என்றார் அம்மா. "என் கண்ணால ஒரு தடவை பார்க்கணும்."

இவர் பச்சை எலி ஒன்றை எடுத்துக்கொண்டு கண்ணை மூடப் போனார்.

"திறங்க. இதுக்கு வலிக்கலை," என்றேன்.

முதல் தடவையாகக் கடைசிவரை பார்த்தார். எலி சாவகாசமாக அவர் விரலை மோந்துகொண்டிருந்தது. என் கட்டைவிரலுக்கு வேலையே வரவில்லை. விளக்கு அணைந்தபோது இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இரண்டு கையாலும் எலியைப் பிடித்திருந்ததால் நான்தான் துடைத்துவிட்டேன்.