மாதத்துக்கு ஐந்து மறுப்பு

மனுஷியின் இடது கைச் சுண்டுவிரல் விசைப்பலகையை அவ்வப்போது ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே இருக்கிறது. வலது கையில் ஆறிப்போன தேநீர். பேச்சு எதிரே நிற்பவரோடு. நாற்பது நொடி தட்டாமல் விட்டால், அந்த அம்மாள் கோப்பை முழுக்கப் படித்துத் தன் முடிவை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கணினி எடுத்துக்கொள்ளும். அசந்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்பதால் மனுஷி தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்வார்.

மனுஷி என்பது அலுவலகம் வைத்த பெயர். அரசுக் குடியிருப்பில் யார் இருக்கலாம், யார் காலி செய்ய வேண்டும் என்பதை இப்போது ஒரு மென்பொருள்தான் முடிவு செய்கிறது. ஊழியர்கள் அதைப் 'பெரியவர்' என்பார்கள். தொழில்நுட்பம் மக்களிடம் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்று மேலதிகாரிகள் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். முடிவில், பெரியவர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'இதை ஒரு மனிதர் பரிசீலித்துள்ளார்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். வரியை அச்சடித்த பிறகுதான் மனிதர் இல்லையே என்பது ஞாபகம் வந்ததாம். கோப்பு அறையில் இருபத்திரண்டு வருஷம் தூசி தட்டியவரைக் கூப்பிட்டு, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அன்றோடு நியாயம் நிலைநாட்டப்பட்டது.

"என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்க ஆறு மாசம் எடுத்தாங்க. இங்க ஒரு ஆளுக்கு நாப்பது நொடி. ரெண்டு விதத்துலயும் தப்பாத்தான் போகுது" என்பார், சிரிக்காமல். கோப்பு புரட்டிய பழக்கம் இன்னும் போகவில்லை. திரையில் அடுத்த பக்கத்துக்குப் போகும் முன் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார்.

பெரியவரை மறுத்துப் பேச அவருக்கு அதிகாரம் உண்டு. மாதத்துக்கு ஐந்து முறை. ஆறாவது மறுப்பு போனால் 'மனிதச் சார்பு தென்படுகிறது' என்று திரை சிவக்கும்; மறுநாள் நாற்காலியில் வேறு ஆள். பெரியவர் மாதத்துக்கு எத்தனை தப்புச் செய்யலாம் என்று யாரும் வரையறுக்கவில்லை. பெரியவரிடம் போய் அதையெல்லாம் கேட்பது மரியாதையா என்ன? மனுஷிக்குத் திரும்பிப் போகக் கோப்பு அறையும் இல்லை. அதை இடித்து வண்டி நிறுத்துகிறார்கள். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்.

அதனால் ஐந்தையும் சிக்கனமாகத்தான் பயன்படுத்துவார். "முதல் வாரமே தீர்த்துட்டா மாசக் கடைசில வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?" இந்த மாதம் மட்டும் பத்தொன்பதாம் தேதியே ஐந்தும் தீர்ந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஒரு தையல்காரர், வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தோடு வந்து நின்றார்.

"உங்க வீட்டுல யாருமே இல்லைங்கறாரு பெரியவரு."

"நான் இருக்கேனேம்மா."

"எனக்குத் தெரியுது. கரண்டே ஓடலையாம். அதனால வீடு காலியா கெடக்குதாம்."

"மெஷினக் கால்ல மிதிச்சுத்தான் ஓட்டறேன். ஜன்னலோரம் ஒக்காந்து தைக்கிறேன். இருட்டினா படுத்துருவேன். கரண்ட மிச்சம் பிடிங்கன்னு நீங்கதானே ஒட்டி வச்சிருக்கீங்க?"

அவர் கை காட்டிய சுவரொட்டியில், துறையின் இலச்சினைக்குக் கீழே ஒரு குடும்பமே விளக்கை அணைத்துவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் செய்யமாட்டார், உதவியும் செய்யமாட்டார். "ஒண்ணாந்தேதி வரச் சொல்லுங்க. புது மாசம், புது அஞ்சு. பன்னெண்டு நாள்தானே?"

"ஒம்போதாம் நாள் பூட்டுப் போட்டுருவாங்க சார்."

"அது பூட்டுப் போடற பிரிவு. நம்ம பிரிவு இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் போனார்.

தையல்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வேணும்னா எல்லா லைட்டயும் போட்டுட்டே தூங்கட்டுமாம்மா? நான் இருக்கேன்னு அதுக்குத் தெரியுமில்ல?"

மனுஷிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "வேணாம். நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. ஒரு நிமிஷம் ஒக்காருங்க."

குனிந்து இழுப்பறையைத் திறந்தார். தன் டம்ளர், மூக்குக் கண்ணாடிக் கூடு, தலைவலித் தைலம், ஒரு குடை என்று, நடுநடுவே விசையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே, ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் அடுக்கினார். நாற்காலி முதுகில் கிடந்த துண்டையும் மடித்து மேலே வைத்தார்.

"எங்கேம்மா கெளம்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஒழிச்சு வைக்கிறேன்."

பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, மறுப்பை அழுத்தினார்.