ஒரு கட்டைவிரலுக்கு இரண்டு பெயர்

வேம்பு இதுவரை வாய் மடித்துத் தைத்த சிமெண்ட் பைகளை வரிசையாகப் பரப்பினால் ரஞ்சன்குடிக் கோட்டையை நாற்பது சுற்று சுற்றலாம். சந்தேகப்படுகிறவர்கள் கயிறு எடுத்துப்போய் அளந்துகொள்ளட்டும். வாலிகண்டபுரத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி, அரியலூர் ஆலைகளுக்குப் பை செய்யும் அந்தக் கம்பெனிக்குப் பத்து வருடமாகப் போய்வருகிறாள். பத்து வருடமும் தற்காலிகத் தொழிலாளிதான்.

இருபத்துநான்கு மாதத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கம்பெனிக்கும் அது தெரியும். அதனால்தான் வருடத்துக்கு மூன்று மாதம் ‘பிரேக்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆனால் வேம்பு இல்லாத நாட்களில் பைகள் வாய் பிளந்தன. லாரி டிரைவர்கள் சிமெண்ட் பூசிய சிலைகளாக இறங்கினார்கள். சூப்பர்வைசர் வீரமணி ஒரு வழி கண்டுபிடித்தார்.

“பிரேக்கு ஒன் பேருக்குத்தான், ஒனக்கில்ல. தங்கச்சி ஆதார எடுத்துட்டு வா.”

அன்றிலிருந்து வருடத்தில் மூன்று மாதம், ஆண்டிமடத்தில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்த தங்கை மலர்கொடி, பதிவேட்டில் இங்கே பை தைத்தாள். வாசலில் விரல் வைக்கும் மெஷினில் மட்டும், இரண்டு பெயருக்கும் வேம்புவின் கட்டைவிரலையே பதிந்துவிட்டார் வீரமணி.

போன வருடம் வேம்பு, நிரந்தரம் கேட்டுத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் மனுக் கொடுத்தாள். நாள் போதவில்லை என்று கம்பெனி பதில் எழுதியது. தங்கை பெயரில் வந்த நாட்களைச் சொல்ல அவளுக்குப் பயம். ஆள்மாறாட்டம் என்று இருக்கிற வேலையும் போய்விட்டால்?

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி பங்குகளை ஊராருக்கு விற்கக் கிளம்பியது. விற்பதற்கு முன் எத்தனை தொழிலாளிகள், என்னென்ன வழக்குகள் என்று எல்லாவற்றையும் எழுதிக் காட்டவேண்டும். அதைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து ஷஹானா என்ற வக்கீல் வந்தாள். சொந்த ஊர் பக்கத்திலுள்ள லப்பைக்குடிக்காடுதான்.

“அக்கா, ஒங்க விரலும் மலர்கொடி விரலும் ஒண்ணுங்குது மெஷினு. ரெட்டப் புள்ளைக்குக்கூட ரேகை வேறல்ல இருக்கும்?” என்று வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு வேம்புவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“தூசி மேடம், மெஷினுக்குக் கண்ணு தெரியல” என்றார் வீரமணி.

“சின்ன விஷயம், விட்டுடலாமே” என்றார் மேலாளர் பாலாஜி.

“விட்டுட்டுக் கையெழுத்துப் போட்டா, பங்கு வாங்குனவங்க என் கழுத்தப் புடிப்பாங்க சார்.”

மதியம் பாலாஜி வேம்புவைத் தனியாகக் கூப்பிட்டார். “மனுவ வாபஸ் வாங்கிடு. இல்லன்னா போலீஸ்ல சொல்லவேண்டி வரும், பாத்துக்க.”

வேம்பு தங்கைக்குப் போன் போட்டாள்.

“பத்து வருசமா என் பேரக் கடன் குடுத்திருக்கேன், ஒரு சேல எடுத்துக் குடுத்தியாக்கா நீ?” என்று கத்தினாள் மலர்கொடி. “போயி உள்ளதச் சொல்லு. போலீசு இங்க வந்தா, தோல் வெந்துபோற முந்திரிக்கொட்டப் பால மூஞ்சில தடவி அனுப்புறேன்.”

வேம்பு நேராக, பாலாஜியும் வீரமணியும் இருக்கும்போதே ஷஹானாவிடம் போய் நின்றாள்.

“ரெண்டும் நாந்தாங்க மேடம். பேர மாத்தச் சொன்னது இவங்க. விரல மாத்த முடியல.”

ஷஹானா இரண்டு பெயரின் நாட்களையும் கூட்டினாள். கடைசி இருபத்துநான்கு மாதத்தில் அறுநூற்றுப் பதினொன்று. “அப்படியே எழுதிடுறேன் சார். ஏன் பேரு மாத்துனீங்கன்னு கேக்குறவங்களுக்கு நீங்க பதில் சொல்லிக்குங்க.”

அதற்குப் பிறகு பாலாஜிக்கும் சென்னையிலிருக்கும் முதலாளிகளுக்கும் நடந்த போன் பேச்சின் சூட்டில் கம்பெனி வேப்பமரத்துக் காக்கைகள் குடும்பத்தோடு வேறு தாலுகாவுக்குப் போய்விட்டன. பத்தாம் நாள் பணி நிரந்தர உத்தரவு வந்தது.

எழுத்துக் கூட்டிப் படித்த வேம்பு, தாளைத் திருப்பி நீட்டினாள்.

“இன்னைத் தேதி போட்டிருக்குங்க சார். இன்னைக்கா நான் வேலைக்கு வந்தேன்?”

“அதுல என்னம்மா இருக்கு?”

“பத்து வருசம் இருக்குங்க சார்.”

இன்னும் அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் அங்கேயே இருந்த ஷஹானாவைப் பார்த்தார் பாலாஜி. அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். உத்தரவு மறுபடி அச்சானது. சேர்ந்த வருடம், மாதம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேம்பு மனுவை வாபஸ் வாங்கும் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள், சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்புக் கேட்டு முதல் விண்ணப்பம் எழுதினாள். ‘காரணம்’ என்ற இடத்தில், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தாள். வீரமணி அதை இரண்டு தடவை படித்துவிட்டு அனுமதி கொடுத்தார்.