பெட்டிக்குள் போன இரண்டாம் குரல்

எங்கள் இசைக்குழுவில் பதினான்கு வருடம் நான் இரண்டாம் குரல் பாடினேன். முன்னால் நின்று பாடுகிறவளின் குரலுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொண்டு போவதுதான் என் வேலை. எடுப்பாகத் தெரிந்தாலும் தப்பு, இல்லாமல் போனாலும் தப்பு. வாரநாளெல்லாம் பீன்யாவில் ஒரு பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுன் மாடியறையில் நடக்கும் ரிகர்சல்தான் மூச்சு விடுகிற நேரம். யாராவது என்னைப் பாடகி என்று சொன்னால் உச்சி குளிரும். அதை மறைப்பானேன்.

கிட்டார் வாசிக்கிறவர்தான் குழுவுக்குத் தலைவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஐ.டி. கம்பெனி நிகழ்ச்சி என்றாலே அவருக்குப் பாதி உயிர் போய்விடும். இரண்டு ஆம்ப்ளிஃபையர், மேடை ஸ்பீக்கர்கள், கால்மாட்டில் வரிசையாக எஃபெக்ட் பெடல்கள், மூட்டை மூட்டையாக ஒயர். ஒவ்வொன்றுக்கும் கேட்டில் சீரியல் நம்பர் எழுதிப் பாஸ் வாங்க வேண்டும். "இது ஏனு, அது ஏனு" என்று ஒவ்வொன்றும் என்னவெனச் செக்யூரிட்டி கன்னடத்தில் கேட்டு முடிப்பதற்குள் சவுண்ட் செக் நேரம் போயே போய்விடும்.

போன வருடம் அண்ணன் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு ஒரு டிஜிட்டல் ப்ராசஸர் வாங்கினார். சூட்கேஸில் அடங்குகிற பெட்டி. கிட்டாரின் அத்தனை சத்தமும் அதற்குள்ளேயே இருந்தது. பாடுகிற மைக்கையும் அதிலேயே சொருகலாம். மேடை ஸ்பீக்கருக்குப் பதில் எங்கள் எல்லார் காதிலும் இயர்போன். "இனிமே பேஜாரே இல்லமா," என்றார். நானும் முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு வித்தையும் தெரியும். பாட்டின் சுருதியை ஏற்றி வைத்தால், பாடுகிறவளின் குரலிலிருந்தே இரண்டாம் குரலையும் உண்டாக்கிவிடும்.

"உன் பார்ட்டு உன்னத் தவிர யாருக்கும் தெரியாது. ரெண்டு ஞாயித்துக்கிழம உக்காந்து ஏத்திக் குடு. நாளைக்கு உனக்குச் சளி கிளி புடிச்சா உதவும் பாரு," என்றார் அண்ணன்.

உட்கார்ந்தேன். இருபத்திரண்டு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் என்ன சுருதி, எந்த வரியில் மேலே போக வேண்டும், எந்த வரியில் கீழே இறங்க வேண்டும், எங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், எல்லாவற்றையும் பெட்டியோடு இணைத்த டேப்லெட்டில் ஒன்றுவிடாமல் பதிந்தேன். நன்றாக வர வேண்டும் என்று வீட்டில் கூடப் பாடிப் பார்த்துக்கொண்டு போனேன். எனக்கு நானே குழி தோண்டுகிறேன் என்று ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை.

மூன்றாவது ஞாயிறு அண்ணன் சொன்னார்: "இந்தத் தபா நீ மேல ஏற வேணாம்மா. ஓரமா நின்னு டேப்லெட்டப் பாத்துக்கோ. ஸ்டேஜும் க்ளீனா இருக்கும்."

"அப்ப நான் பாடுறது?"

"அதான் பொட்டி பாடுதே."

கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷன்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. திட்டுவதற்குக் கூட ஒரு வாய்ப்புக் கொடுக்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் குடும்ப விழா, மத்தியான நிகழ்ச்சி. கேட்டில் கழுத்துக்கு அட்டை கொடுத்தார்கள். எத்தனையோ முறை "ஆர்ட்டிஸ்ட்" என்று வாங்கி மாட்டியிருக்கிறேன். அன்றைக்கு, சாமான் தூக்க வருகிறவர்களுக்குக் கொடுப்பது போல, "க்ரூ" என்று இருந்தது. மாட்டிக்கொண்டேன்.

இரண்டு பாட்டு ஒழுங்காகப் போனது. மூன்றாவது தொடங்கும் முன்னால், பாடுகிற பெண் மைக்கை மூடிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, தொண்ட கட்டுது. அரைக் கட்ட எறக்கிக்கலாமா?"

கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்தினார். எங்கள் குழுவில் சுருதி மாறினால் அவர் விரலை மாற்ற மாட்டார், பட்டனைத்தான் மாற்றுவார். அண்ணன் பெட்டியை ஒரு மிதி மிதித்தார், கிட்டாரும் அரைக் கட்டை இறங்கியது. ஆனால் இரண்டாம் குரலுக்கு நான் ஏற்றி வைத்த பழைய சுருதி அப்படியே இருந்தது. அது அவர்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. டேப்லெட் என் கையில்தான் இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும்.

தட்டவில்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. கோணலாகட்டும், அண்ணன் திடுக்கிட்டு என்னைத் தேடட்டும் என்று நின்றேன். மேடையோரம் சும்மா கிடந்த ஒரு மைக்கைக் கூடப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

கோணலாகத்தான் ஆனது. ஒரு வரியில் எப்படியோ ஒட்டியது, அடுத்த வரியில் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி நரநரத்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே வாசித்தார். கீபோர்டுக்காரர் யாரோ ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். சரணம் வந்தது, போனது. ஒருத்தரும் திரும்பவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் அப்படி இருந்தது, ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அதையும் அதே கோணலோடு பாடினாள். கடைசியில் விழா ஏற்பாடு செய்த அம்மாள் வந்து, "சவுண்டு தும்பா சென்னாகித்து சார்," என்று சவுண்டை ரொம்பப் புகழ்ந்து அண்ணன் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

திரும்பும்போது வண்டியில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் குரல் அவள் காதுக்குள்ளேயே விழுந்திருக்கும், இயர்போனில். அவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். மேம்பாலம் ஏறும்வரை பொறுத்துக்கொண்டு, பிறகு கேட்டேன்.

"மூணாவது பாட்டுல செகண்ட் வாய்ஸ் எப்பிடிக் கேட்டுச்சு உனக்கு?"

போனிலிருந்து தலையை எடுத்து நிஜமாகவே யோசித்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா. எப்பவும் போல."

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. அப்படியெல்லாம் பேசத் தெரியாத பெண். ஆறு வருடம் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பாடியவளுக்கே அது எப்பவும் போலத்தான் இருந்தது என்றால், நான் இத்தனை காலம் யாருக்குப் பாடிக்கொண்டிருந்தேன்?