அவிந்த விதைநெல்

போன வாரம் சளி பிடித்திருந்தது. கொதிக்கும் தண்ணீரில் நொச்சித்தழையைப் போட்டு, போர்வைக்குள் தலையை நுழைத்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன். மூக்கு திறந்ததோ இல்லையோ, பூதலூர்ப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில், நெல் அவிக்கும் தொட்டி ஓரம் போய் நின்றுவிட்டேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சீர்காழியில் லோடு ஏற்றி, கோடியக்கரையில் உப்பு வாரி, அந்த மில்லுக்கு வந்து சேர்ந்தபோது முப்பது வயது. உப்பளத்தில் வெடித்த பாதம் மில் களத்துச் சூட்டில் இன்னும் கொஞ்சம் வெடித்தது. அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெந்த நெல்லின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? ஈரக் கோணியும் வடித்த கஞ்சியும் கலந்த மாதிரி இருக்கும். காலை வெயில் அந்த ஆவிக்குள் நுழையும்போது மில்லே தரையை விட்டு எழும்பி மிதப்பதாகத் தோன்றும். நான் அதை வேடிக்கை பார்த்தே பாதி வேலையைக் கோட்டை விட்டவன்.

மில்லை நடத்தியவர் செல்வி. என் வயதுதான், கணவர் சிங்கப்பூரில். மெயின் ரோட்டில் புதிதாக வந்த மில், வீட்டு வாசலுக்கே வண்டி அனுப்பி நெல்லை ஏற்றிக்கொண்டு போனது. எங்களிடம் வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். விடாமல் வந்தவர்களில் ஒருவர் அஞ்சலை அக்கா. குத்தகை நிலத்தில் பயிர் வைப்பவர். அவர் எந்த மில்லுக்குப் போகிறாரோ அங்கேதான் அவர் தெருவே போகும்.

அந்த ஆடியில் அவர் சாப்பாட்டுக்கு அவிக்க நாலு மூட்டையும், பதர் போகத் தூற்றித் தரச் சொல்லி ஒரு மூட்டை விதைநெல்லும் இறக்கிவிட்டுப் போனார். விதைநெல்லில் பூச்சி அண்டாமலிருக்க நொச்சித்தழை போட்டு வைப்பார்கள். மூட்டையைப் பிரித்ததும் தழையைப் பார்த்தேன். குப்பை என்று மேலாகப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஐந்தையும் சுடுதண்ணீர்த் தொட்டியில் கொட்டினேன். ஆவியில் நொச்சி வாசனை எழும்பியது. நல்ல வாசனையாக இருக்கிறதே என்று இழுத்து மோந்தேன். அந்த வாசனை எட்டியதும் ஆபீஸிலிருந்து செல்வி ஓடிவந்தார்.

வெந்த விதை முளைக்காது. அஞ்சலை அக்காவின் நாற்றங்கால் உழுது தயாராக இருந்தது, வாய்க்காலில் தண்ணீரும் வந்துவிட்டது.

நான் ஒரு யோசனை சொன்னேன். "அதே ரகம் நம்ம குடோன்ல கெடக்குங்க. கோணி மாத்திக் குடுத்துட்டா தெரியாது."

"அது எந்த வருஷத்து நெல்லுன்னே தெரியாதுண்ணே. முளைக்கலன்னா அவங்க போகமே போயிடும். வண்டில ஏறுங்க."

செல்வி தன் வீட்டு விதைநெல்லில் ஒரு மூட்டையை ஏற்றிக்கொண்டார். அக்கா வீட்டு வாசலில் நின்று, நடந்ததைச் செல்வியே ஒளிக்காமல் சொன்னார். அக்கா செல்வியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அவிச்சு வெதச்சா நேரா சோறாவே வெளையும்னு பாத்தியாப்பா?"

கொண்டுபோன மூட்டையையும் அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"முளைக்கட்டிப் பாக்கறேன். வரலன்னா எங்க தெரு வண்டி ஒங்க பக்கம் திரும்பாது, பாப்பா."

இரண்டு கைப்பிடி நெல்லை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, வைக்கோலுக்கடியில் வைத்தார். மூன்று நாளும் விடிந்ததும் சைக்கிளில் போய் நின்றேன். துணி வழியாகக் கசிந்த ஈரத்தைத் தவிர முதல் இரண்டு நாள் பார்க்க ஒன்றுமில்லை. வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் முடிச்சை அவிழ்த்தார். எறும்பு முட்டை நிறத்தில், நெல்லுக்கு நெல் ஒரு முனை. விரலால் கிளறிப் பார்த்து, வராததைத் தனியே ஒதுக்கினார். பத்துக்குள்தான் இருக்கும்.

"செல்விட்ட சொல்லு, மூட்டைய எடுத்துக்கிட்டேன்னு."

தை அறுப்பு முடிந்து புதுநெல்லோடு வந்தார். மில்லுக்கு வருகிறவர்கள் தங்கள் நெல் வெந்து, காய்ந்து, அரிசியாகும் வரை மூட்டையை விட்டு நகரமாட்டார்கள். கலந்துவிடுமோ என்ற பயம். அக்கா மூட்டைகளை என் முன்னால் இறக்கினார்.

"எனக்கு உளுந்து வயல்ல வேல கெடக்கு. நீ பாத்துக்க."

போய்விட்டார்.

அந்த மில் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். செல்வி சிங்கப்பூர் போய்விட்டார். அக்கா மகன் அறுத்த நெல்லை வயலிலிருந்தே கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிவிட்டு, கடையில் பை அரிசி வாங்குகிறான். நான் அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில், எத்தனையோ கடையில் வேலைக்கு நின்றுவிட்டேன். வீட்டின் ஒரு வருஷச் சோற்றை என் முன்னால் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவர் வேறு யாருமில்லை.