பலகை மேல் குடித்தனம்

எச்சில் தொட்ட கட்டைவிரலால் ஒரு மரச்சாமானையாவது தேய்த்துப் பார்க்காமல் தச்சர் வீரய்யா எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. ஈரம் பட்டால் மரத்தின் உண்மை நிறம் தெரிந்துவிடும். அப்புத்தளையில் எல்லோருக்கும் தெரிந்த, பல வருடப் பழக்கம் இது. ஒரு சாவு வீட்டில் சவப்பெட்டியைத் தேய்த்துவிட்டு, "மரம் காயவே இல்லீங்களே" என்று துக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

போன வாரம் மொனராகலை மரவியாபாரி ஜெஸீம் போன் செய்தார். பெரிய பலா ஒன்றை அறுக்கப் போகிறார்களாம். வீரய்யா குடித்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினார். மர மில்லில் வாள் நின்றதும் மரம் இரண்டாகச் சாய்ந்தது. உள்ளே அப்போதுதான் அரைத்த மஞ்சள்! ஒரு முடிச்சில்லை, ஒரு வெடிப்பில்லை.

"என்ன வீரய்யாண்ணே, பொண்ணு பாக்க வந்தவர் மாதிரி முழிக்கிறீங்க?"

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இப்பிடி வேர்க்கல, ஜெஸீம் நானா! அம்புட்டும் எனக்கு. ஒரு பலகை வெளிய போகக் கூடாது."

தலையெல்லாம் மரத்தூளோடு, பலகை ஏற்றிய லொறியிலேயே அப்புத்தளைக்கு மலையேறினார்.

பச்சை மரம் காய மாதக்கணக்காகும். பட்டறையில் வைத்தால் மூடுபனி புகுந்து பூஞ்சணம் பிடிக்கும். வீட்டிலேயே உலர்ந்த இடம், அடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கமுள்ள படுக்கையறை. முனைகள் வெடிக்காமலிருக்கப் பெயின்ட் பூசி, காற்றுப் போக இடையிடையே சட்டம் வைத்து, அங்கேதான் அடுக்குவார். பலகை வளையாமலிருக்க மேலே பாரம் வேண்டும். பாரம் என்பது ஒரு மெத்தை, வீரய்யா, அவர் மனைவி யசோதினி.

'ஒனக்குப் பலாக் கட்டில்' என்று மணவறையில் அவள் காதோடு சொன்னவர். அன்றிலிருந்து இருவரும் படுப்பது அடுக்கின் மேல்தான். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்ததும் யாரோ ஒருவருக்குக் கட்டிலாகிப் போய்விடும்.

இம்முறை அடுக்கு அவள் மார்பளவு எழுந்து நின்றது.

"இது சத்தியமா ஒனக்குத்தான் புள்ள. நெறத்தப் பாரேன்!"

"போன அடுக்கும் எனக்குத்தான். பண்டாரவளைக்காரி அதுல படுத்துப் புள்ளையும் பெத்துட்டா."

"அது அவசரக் கல்யாணம்..."

"சரி, இது மேல எப்பிடிங்க ஏறுறது? லொறிக்காரனக் கூப்பிடவா?"

வீரய்யா சிரித்துக்கொண்டே பட்டறைக்கு ஓடினார். பொழுது சாய்வதற்குள் மூன்று படி வைத்த ஒரு சிறு ஏணியோடு வந்தார். அதை அடுக்கின் ஓரத்தில் சாய்த்து, ஆடுகிறதா என்று தானே ஏறிப் பார்த்துவிட்டு, மேலிருந்து அவளுக்குக் கை நீட்டினார்.