பேச்சியின் தலைவலியும் நான் சொன்ன பொய்யும்

"கண்ணுக்குள்ள என்னமோ மினுங்குது அத்தான்" என்று பேச்சி முதல் தடவை சொன்னபோது நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் ஆறேகாலுக்கு வந்துவிடும். அவள் இட்லிச் சட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். காலண்டரில் பாதி தெரியவில்லை, தெரியாத இடத்தின் ஓரத்தில் வெல்டிங் பொறி மாதிரி ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடுகிறது என்றாள். "சரியாத் தூங்கிருக்க மாட்டே, கொஞ்சம் படு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு வீட்டுக்கார அம்மாதான் சோறு ஊட்டியிருந்தார்.

இது என் மனைவிக்குப் பதினான்கு மாதம் இருந்த தலைவலியைப் பற்றிய கட்டுரை. வலி அவளுக்கு, வெட்கம் எனக்கு. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க. ஆனா ஒங்க பக்கத்த மறைச்சு எழுதாதிய" என்றாள். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இதே மாத்திரையைச் சாப்பிட்டு இதே போல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், முக்கியமாக நீங்கள் அந்த வீட்டின் கணவராக இருந்தால், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் லைன் இன்ஸ்பெக்டர். எங்கள் லைனில் சூப்பர்வைசர் ஒருவரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம். பக்கத்துக் கிராமத்தில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் நான், பேச்சி, மூன்று வயது மகள், ஒரு வயது மகன்.

இரண்டாவது பிரசவத்தோடு பேச்சிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுவதாக இருந்தோம். அவளுக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் சத்து) மிகவும் குறைவு, உடம்பு தேறட்டும் என்று ஊர் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதுவரைக்கும் கருத்தடை மாத்திரை என்று முடிவெடுத்தவன் நான். அவளிடம் கேட்டேனா? இல்லை, சொன்னேன்.

மாத்திரையை எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸம்மாவிடமே வாங்கியிருக்கலாம். ரத்த அழுத்தம் பார்த்து, தலைவலி உண்டா என்று நாலு கேள்வி கேட்டுத்தான் அவர் கொடுப்பார். ஆனால் தெருவில் பத்துப் பெண்கள் நிற்கும் இடத்தில் அதை வாங்குவதா என்று எனக்குக் கூச்சம். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பஸ்ஸில் போய், முகம் தெரியாத மெடிக்கலில், வேண்டாத ஒரு இருமல் மருந்தையும் சேர்த்து வாங்கினேன். கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் கம்பெனி ஆட்கள் சிரிப்பார்கள். எங்கள் லைனில் எதற்கெடுத்தாலும் செக் ஷீட் உண்டு. மெஷின் சூடு சரியா, அழுத்தம் சரியா என்று மணிக்கொரு தரம் டிக் போட வேண்டும். அதே மாதிரி வீட்டுக்கும் ஒன்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தயார் செய்தேன். அட்டையில் இருபத்தெட்டு மாத்திரை, தாளில் இருபத்தெட்டுக் கட்டம். பழக்கதோஷத்தில் வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தியும் விட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் முதல் வேலையாக டிக் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் விசாரணைதான். கட்டின பெண்டாட்டிக்கு சூப்பர்வைசராக இருந்திருக்கிறேன், கர்மம்!

இரண்டாவது அட்டையிலேயே தலைவலி தொடங்கிவிட்டது. தலையின் வலது பக்கம் மட்டும் விண்விண் என்று தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, மகள் கத்திப் பேசினால் ஆகாது. "இந்த மாத்திரையாலதான் இருக்குமோ?" என்று பேச்சி கேட்டாள். "ஊரெல்லாம் சாப்பிடுது. ஒனக்கு மட்டுந்தான் வலிக்கிதாக்கும்?" என்றேன்.

பிறகு நான் காரணம் தேடினேன். ஷீட் கூரைச் சூடு என்று மேலே ஓலை வாங்கிப் போட்டேன். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு இருக்கிறாள் என்று திட்டினேன். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு டீச்சர் மாதிரி உட்கார்ந்து, கண்ணாடியோடே தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை ஒன்றை மட்டும் நான் தொடவில்லை.

ஆறாவது மாதம், எங்கள் கம்பெனி ஆட்கள் போகும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனோம். வயதான டாக்டர், நிதானமாக விசாரித்தார். ஒற்றைத் தலைவலி (தலையின் ஒரு பக்கத்தில், வாந்தியோடும் வெளிச்சக் கூச்சத்தோடும் வருவது) மாதிரித் தெரிகிறது என்றார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டார்.

பேச்சி என்னைப் பார்த்தாள். திரைக்கு வெளியே எங்கள் லைன் ஆட்கள் இரண்டு பேர் சீட்டோடு நின்றிருந்தார்கள். பேசுவது அத்தனையும் அவர்களுக்குக் கேட்கும். நாளைக்கு கேன்டீனில் இதை வைத்து என்னை ஓட்டித் தள்ளிவிடுவார்கள்.

"இல்ல சார், ஒண்ணும் சாப்பிடல" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். வெளியே வந்ததும் பேச்சி வலி மாத்திரைச் சீட்டை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எழுதவே கை கூசுகிறது. என்னைப் பக்கத்தில் சேர்க்காமல் இருக்கத்தான் இந்தத் தலைவலி என்று நான் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அன்றிலிருந்து அவள் தலைவலி என்ற பேச்சையே என்னிடம் எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்காவது மாதம் ஒரு மத்தியானம். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றவளுக்கு வலது கை மரத்துப்போயிருக்கிறது. பையன் நழுவியிருக்கிறான். வீட்டுக்கார அம்மா பாய்ந்து பிடித்திருக்கிறார். என்னம்மா என்று கேட்டால் பேச்சிக்கு வார்த்தை வரவில்லை, நாக்கு குழறுகிறது. அந்த அம்மா எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி கம்பெனி கேட்டுக்குப் போன் செய்தார். செக்யூரிட்டி வந்து என்னிடம் சொன்னார். அன்றைக்குப் பார்த்து ஒரு லோடு போக வேண்டியிருந்தது. 'தலைவலிதானே' என்று நினைத்து, லோடு ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன். இரண்டு மணி நேரம்.

வாசலிலேயே வீட்டுக்கார அம்மா பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா மன்சன் நீ? அந்தப் பொண்ணு வாய் கோணிக்கினு கெடந்துச்சு, நீ சாவகாசமா வர்ற? மாசத்துல பாதி நாளு அது வாந்தி எடுத்துக்கினு கீது, உனுக்குத் தெரியவே தெரியாதா?"

"இப்ப தலைவலி இல்லன்னு நெனச்சேம்மா."

"ஆங், நெனப்பாரு! கூட்டிக்கினு போ மொதல்ல."

அதற்குள் பேச்சிக்குப் பேச்சு திரும்பியிருந்தது. கையும் அசைந்தது. ஆட்டோவில் ஏறும் முன் உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த தாள்களையெல்லாம் கொத்தாக எடுத்து மருந்துப் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி, பெண் டாக்டர். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டதும் பேச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பதினான்கு தாளையும் எடுத்து மேசையில் வைத்தாள். "இதான் டாக்டர். தெனமும் சாப்பிடுதேன்."

டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இது என்னம்மா புள்ளி?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். நான் விட்டிருந்த குறிப்புப் பத்தியில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். சில இடத்தில் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குக்கோடு.

"தலைவலிச்ச நாளு டாக்டர். கோடு போட்டது, கண்ணு மினுங்குன நாளு."

இரண்டாவது தாளில் தொடங்கி மாதத்துக்கு நாலு புள்ளி. எல்லாம் கடைசி ஏழு கட்டங்களில். அந்த ஏழும் வெறும் இரும்புச் சத்து மாத்திரைகள். அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் (பெண் உடலில் ஊறும் சுரப்பு, கருத்தடை மாத்திரையிலும் இருப்பது) சட்டென்று இறங்குவதால் சிலருக்கு இப்படித் தலைவலி வரும் என்று டாக்டர் விளக்கினார். பிந்தைய தாள்களில் புள்ளிகள் தாள் முழுவதும் பரவியிருந்தன. எல்லாவற்றிலும் ஒவ்வொரு கட்டத்திலும் டிக் இருந்தது.

"இந்தத் தாளை யார் போட்டது?" என்றார் டாக்டர்.

"நான்தான் மேடம்."

"தினமும் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன் மேடம்."

"எதைப் பார்த்தீங்க?"

மூன்று அடி தூரத்தில் இருந்து ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தத் தாளைப் பார்த்திருக்கிறேன். டிக்கை மட்டும். ஒரு மயிரிழைக் கீறல் இருந்தால்கூட பாகத்தைத் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுகிறவன் நான். தரையில் ஒரு குழி இருந்தால் அதற்குள் இறங்கியிருப்பேன்.

கண்ணில் மினுமினுப்பு வந்து பிறகு தலைவலி வருகிறவர்கள் இந்த வகை மாத்திரையைச் சாப்பிடவே கூடாது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி அடைத்துப் பக்கவாதம் வரும் ஆபத்து கூடும் என்றார் டாக்டர். அன்றே நிறுத்தச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து ஸ்கேன் எடுக்கவைத்தார். முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரை எல்லோருக்கும் இப்படிச் செய்வதில்லை. வீட்டுக்கார அம்மாவின் மருமகள் மூன்று வருஷம் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறாள். பயந்துகொண்டு நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் கண் மினுங்கினாலோ, கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். சாப்பிடும் மாத்திரையின் பெயரை வாய்திறந்து சொல்லுங்கள். திரைக்கு வெளியே யார் நின்றால் என்ன?

மாத்திரையை நிறுத்தியதும் வலி ஓடிவிடவில்லை. முதல் மாதம் இன்னும் அதிகமானது. பிறகு வாரம் இரண்டு, மாதம் மூன்று என்று மெல்லக் குறைந்தது. அவள் அம்மாவுக்கும் இளவயதில் ஒருபக்கத் தலைவலி இருந்ததை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வெயிலில் கிளம்புவதற்கு முன் கொஞ்சம் யோசித்து நிற்கும் பழக்கம் இன்றுவரை அவளுக்குப் போகவில்லை. "இன்னைக்கி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஷூவைத் தொடாமல் நிற்கிறேன்.

மாத்திரைக்குப் பதில் என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, ரத்தம் குறைவாக இருப்பதால் காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) சரிப்படாது, அதில் ரத்தப்போக்கு கூடும் என்றார் டாக்டர். "நீங்க ஆபரேஷன் பண்ணிக்கலாமே?" என்று என்னைக் கேட்டார். பேச்சி முந்திக்கொண்டாள். "அவிய வெயிட்டு தூக்குற வேலை டாக்டர், அது ஒத்துக்காது."

எனக்காக அவள் சொன்ன பொய் அது. நான் தூக்குகிற பாகம் கால் கிலோ தேறாது. அப்படியும் நான் அதைத் திருத்தாமல் எழுந்து வந்தேன். ஐந்து மாதம் ஆணுறையோடு ஓடியது. ஐந்து மாதமும் அவளுடைய அந்த வார்த்தை என்னைப் பிடுங்கித் தின்றது.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முகாமில் வாசெக்டமிக்கு (ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை) பெயர் கொடுத்தேன். சூப்பர்வைசரிடம் பல் பிடுங்கப் போகிறேன் என்று லீவு சொன்னேன். அந்த அளவுக்குத்தான் திருந்தியிருந்தேன். உள்ளே போய்ப் படுத்தேன். ஒரு ஊசி, கொஞ்சம் இழுக்கிற மாதிரி ஒரு வலி, ஒரு பிளாஸ்திரி. மூன்று மாதத்துக்கு ஆணுறையை விடக்கூடாது, அதன்பின் ஒரு பரிசோதனை என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள்.

காலை அகட்டி அகட்டி வெளியே வந்தேன். பேச்சி மரத்தடி பெஞ்சில் பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு இட்லியில் ஒன்றுகூட முடியவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இன்னும் கூப்பிடவில்லை என்று நினைத்துவிட்டாள்.

"என்னத்தான், உள்ள ஆள் நெறைய இருக்கா?"

"முடிஞ்சிட்டு பேச்சி."

"முடிஞ்சிட்டா?"

"ம்."

கையில் இருந்த இட்லித் துண்டை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இம்புட்டுத்தானா அத்தான்?"

அவள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட என் முன்னால் அவள் அழுததில்லை. பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார முடியாமல், காலை அகட்டிக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.